டைட்டிலில் இல்லாத பேர்

சேக்காடு, ஆவடி
19-8-1979

மச்சான் கோதண்டத்துக்கு,

நானும் ராணியும் நல்லாத்தான் கீறோம். நேத்து அம்பத்தூர்ல உன் படம் பார்த்தேன். அணுமின் நிலையம் வெடிக்கப் போவுதுன்னு ஜனம் மூச்சு உடல. அப்புறம் இன்னா விசிலு! எனக்கு வயிறு எரிஞ்சுது.

டைட்டில்ல 'கதை: கோதண்டம்'னு போட்டுக்கினியே, யார் கதைடா அது? ஆயுத பூஜைக்கு முன்னாடி லாரி கிளம்பணும்னு, வெல்டிங்ல கீறல் உட்ட ஜாயின்ட்டுக்கு, சோதனைக்கு எடுக்கற எக்ஸ்ரேயில வேற நல்ல ஜாயின்ட்டோடதைச் சொருகி, அணுமின் நிலையத்துக்குப் பைப்பை அனுப்பிடறான் ஒரு வெல்டர். அயனம்பாக்கம் ஏரிக்கரையில நான் சொன்னதை அப்படியே சுட்டுட்டே. நான் வெல்டிங் புகையில வெந்துகினு கீறேன், நீ மாலை போட்டுக்கினு போட்டோவுக்கு நிக்கிறே. என் பேர் வரணும். இல்லேன்னா பத்திரிகைக்கு எழுதுவேன்.

வயித்தெரிச்சலோட,
பரந்தாமன்

கோடம்பாக்கம்
25-8-1979

அன்பு பரந்தாமா,

திட்டு, வாங்கிக்கிறேன். சுட்டது நெசம், ஆசையும் நெசம். ஆனா அன்னிக்கு நீ 'ஒருத்தன்'னு ஆரம்பிச்சு, பாதியில 'நான்'னு சொல்லி அழுதே. ஞாபகம் கீதா? உன் பேரைப் போட்டா உன் கம்பெனிக்காரன் மொதல்ல பழைய எக்ஸ்ரே அலமாரியைத்தான் தொறப்பான். அதுக்குத்தான் போடல.

அந்த நிலையம் இன்னும் ஓட ஆரம்பிக்கலையாமே. அந்தப் பைப் அங்கேயேதான் கீதா?

உன் கோதண்டம்

சேக்காடு
14-9-1979

மச்சான்,

உன் லெட்டரைப் படிச்சிட்டு ஒரு வாரம் சரியா சாப்பிடல. திரும்ப ரெண்டு தபா உன் படத்துக்குப் போனேன். கடைசியில அந்த வெல்டர் 'நான்தான் மாத்துனேன்'னு ஒத்துக்கறான், தியேட்டரே கை தட்டுது. உன்னைவிட அவன்மேலதான்டா எனக்குப் பொறாமை. மூணு நிமிஷத்துல சொல்லிட்டான். நான் அஞ்சு வருஷமா கம்பெனியில வாயைத் தொறக்கல.

திங்கக்கிழமை எங்க கம்பெனியில வெல்டிங் செக் பண்ற இன்ஸ்பெக்டர் கங்காதரன் சார் ரூமுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டேன். ஜாயின்ட் நம்பர், தேதி, எல்லாம். ஒருத்தரும் கை தட்டல. மனுஷன் வேர்த்துப்போய் போனை எடுத்தாரு. பைப்பை அறுத்து எடுத்துட்டாங்கன்னு நேத்து சேதி வந்துச்சு. எனக்கு வேலை போச்சு. ராணி மூணு நாளா எனக்குச் சோறு போடல, இன்னிக்குக் காலையில ரெண்டு இட்லி வச்சா.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னைக் கம்பெனி கேட்டுக்குள்ள உடமாட்டாங்க. பொரி வாங்கினு ஊட்டுக்கு வா.

டைட்டிலை மாத்தாதே. என் பேரை எழுத வேண்டிய காகிதத்துல எழுதிட்டேன்.

பரந்தாமன்