உன் பெயருக்கு ஒரு ஃபில்டர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவின் கடைசி நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். மெயிலே வரவில்லை என்று மாமாவிடம் சொன்னேன். அது பொய்.

அம்மாவை யார் வைத்துக்கொள்வதென்று சண்டை வந்தபோது, "உனக்கே ஒரு ஆள் வேணும், நீ எங்க அம்மாவப் பாத்துக்கப் போற?" என்றாய். மறுநாளே, உன் மெயில்கள் இன்பாக்ஸுக்கு வராமல் தானாக ஒதுங்கிப் போக ஒரு ஃபில்டர் போட்டேன்.

டேப் கீயைத் தட்டத் தட்ட ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொரு கட்டமாக வாசித்தது. 'அனுப்புநர்' என்றது, உன் முகவரியை அடித்தேன். 'படித்ததாகக் குறி' என்றது. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். உன் மெயில்கள் போய்ச் சேரும் ஃபோல்டருக்குப் 'பிறகு' என்று பெயர் வைத்தேன். கண் தெரியாதவன், கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எல்லாவற்றையும் காதால் கேட்டுத்தான் செய்தேன்.

நேற்றுதான் 'பிறகு'வைத் திறந்தேன். நாற்பத்தொரு மெயில். கடைசி மெயிலை, விளம்பரத்தை வாசிக்கும் அதே குரலில் ஸ்க்ரீன் ரீடர் வாசித்தது: "அண்ணா, போனத்தான் எடுக்க மாட்டேங்கற. அம்மா உன் குரலக் கேக்கணும்ங்கறாங்க."

ஃபில்டரை நீக்கப் போனேன். "நிச்சயமாக நீக்கவா?" என்று கேட்டது.

போட்ட அன்று அது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன் அண்ணன்