அளக்காமல் வரைந்த ஜன்னல்

3-4-1963, புதன். சென்னை

இன்று அருணகிரி சார் என் தாளை வகுப்புப் பலகையில் குத்தி வைத்தார். உள் அலங்காரம் படிக்க வந்து இரண்டு வருடத்தில் என் தாள் பலகை ஏறியது இதுதான் முதல் தடவை. துள்ளிக் குதிக்க வேண்டியவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசித் தேர்வுக்கு ஓர் உணவு விடுதி வடிவமைக்க வேண்டும். ஏதாவது ஓர் ஊரின் நிஜ வீட்டை நேரில் அளந்து, அந்த வீட்டின் சாயலில் விடுதி அமைய வேண்டும். நான் ‘ஜவ்வாது மலை வீடு’ என்று போட்டேன். மண் சுவர், புல் கூரை, சாப்பாட்டு மேசைகளுக்குப் பின்னால் ஆளுயர வட்ட ஜன்னல். சார் அந்த ஜன்னலைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். மலைக்காரர்களுக்கு எவ்வளவு ரசனை பாருங்கள் என்றார்.

நான் மலை ஏறியதே இல்லை. வாணியம்பாடியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நீலமாகத் தெரியும், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உறவு. அளவுகள் எல்லாம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதியவை.

4-4-63

சார் கூப்பிட்டனுப்பினார். “இருபத்திரண்டாம் தேதி திருப்பத்தூர்ல எங்க அக்கா பொண்ணு கல்யாணம். மறுநாள் மலைக்கு வர்றேன். அந்த ஜன்னலை நேர்ல பார்க்கணும் நசருல்லா.”

சரி சார் என்றேன். ஏன் சொன்னேன்? வேறு என்ன சொல்வது?

போன வருடம் ஒருத்தன் கோயில் மண்டபத்துக்குப் பொய் அளவு கொடுத்தான். பெயரை அடித்துப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள்.

12-4-63, வெள்ளி. வாணியம்பாடி

விடுமுறை. அத்தா சாப்பாட்டில் கேட்டார்: “பாஸாயிடுவியா? இல்லன்னா நம்ம தோல் மண்டிக்கு வந்துடு. தோலைப் பொரட்ட ஆள் பத்தல.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் பட்டாலே ஏழு வயதிலிருந்து எனக்கு வாந்தி. அது அத்தாவுக்கும் தெரியும்.

ஒரே வழிதான். சார் வருவதற்குள் என் படத்தைப் போல ஒரு வீட்டை மலையில் கண்டுபிடித்துவிட வேண்டும். இருக்காதா? அவ்வளவு பெரிய மலையில் ஒன்றுகூடவா இருக்காது?

15-4-63. நெல்லிவாசல்நாடு, ஜவ்வாது மலை

திருப்பத்தூரில் புளி வாங்கி விற்கும் லத்தீப் மாமா, மலையிலிருந்து தனக்குப் புளி கொண்டுவந்து போடும் சின்னதம்பியோடு என்னை அனுப்பி வைத்தார். அடிவாரம் வரை பஸ், அப்புறம் நடை. வழியில் ஒரு மரத்துப் பட்டை கிழிந்திருந்தது. “கரடிங்க” என்றார் சின்னதம்பி, ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல. அதற்குப் பிறகு அவர் முதுகை ஒட்டியே நடந்தேன்.

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அம்மன் இருக்கிற ஊருக்குள் தோல் வரக் கூடாதாம். எங்கள் மண்டித் தோலில் தைத்த செருப்பு ஒரு புளிய மரத்தடியில் கிடக்கிறது.

16-4-63

பதினேழு வீடு பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட ஜன்னல் இல்லை.

வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. குனிந்து போகிற ஒரு வாசல், உள்ளே இருட்டு, அவ்வளவுதான். சின்னதம்பியின் மனைவி பச்சையம்மாவிடம் காரணம் கேட்டேன். “ஜன்னல் வச்சா குளுரு வரும். அடுப்புப் பொகையும் பூடும். பொகை இல்லன்னா கூரையில பூச்சி வுழும்ங்க” என்றார். எவ்வளவு எளிதான விஷயம். கட்டிலில் படுத்திருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

டேப்பை எடுத்தபோது ஊரே அடங்கிப் போயிற்று. காட்டிலாகா ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அளக்கிறவன் வந்தால் பின்னாலேயே வேலி வரும் என்ற பயம் அவர்களுக்கு. எனக்கு அவர்களைப் பார்த்துப் பயம். கடைசியில் தாங்க முடியாமல் சின்னதம்பியிடம் படத்தை விரித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஜன்னல் வட்டத்தின் மேல் விரலை வைத்தார். “இந்த ஓட்டை இல்லன்னா ஒன்ன வெரட்டிடுவாங்களா?”

ஆமாம் என்றேன்.

18-4-63

காலையில் ஓடைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். சின்னதம்பி கடப்பாரையோடு நிற்கிறார். வீட்டுப் பின்சுவரில் ஆளுயரத்துக்கு வட்டமாக ஓட்டை. அச்சு அசல் என் படம்.

“அய்யோ, இன்னாங்க இது!”

“வாத்தியார் வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்பால மண்ணு வச்சி அடைச்சிக்கலாம். இது இன்னா பெரிய வேல.”

பச்சையம்மா புருஷனை ஒரு முறை முறைத்தார். அவர்கள் மகள் செல்லிக்கு நாலு வயது. ஓட்டையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து மலையைப் பார்த்து ஒரே சிரிப்பு.

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

20-4-63

ஓட்டைக்கு மேலே சுவரில் ஒரு கோடு. தலைமுடி அளவு.

21-4-63

விரல் நுனி உள்ளே போகிறது.

இப்போதுதான் புரிகிறது. கூரையின் பாரம் முழுக்க அந்தச் சுவரில். ஓட்டை போட்டால் மேலே குறுக்கே ஒரு தாங்கு கட்டை வைக்க வேண்டும். முதல் வருடத்துப் பாடம். சின்னதம்பி ஜன்னலே போட்டறியாதவர், என் படத்தை நம்பி வெட்டினார். என் படத்தில் கட்டை இல்லை. வட்டத்தின் அழகு கெட்டுப்போகும் என்று நான்தான் போடவில்லை.

அவரிடம் சொன்னேன். “ரெண்டு நாளு நிக்காதா? நீ பயப்படாத தம்பி” என்கிறார். அடைத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. நாளை மறுநாள் சார் வருகிறாரே! சொல்லாமல் விழுங்கிவிட்டேன். செல்லி அதன் அடியில்தான் பகலெல்லாம் விளையாடுகிறாள். இன்று நாலு தடவை அவளைத் தூக்கி வெளியே விட்டேன். நாலு தடவையும் திரும்பி வந்துவிட்டாள்.

23-4-63

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

லத்தீப் மாமா அனுப்பிய ஆளோடு சார் பகலில் வந்து சேர்ந்தார், வேர்வையில் நனைந்து. வாசலில் குனிந்து நுழைந்தவர் ஜன்னலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். “இருக்கே!” என்றார். குழந்தையைப் போலச் சிரித்தார். என் தோளில் தட்டினார். முடிந்தது, பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்த அதே நேரத்தில் வெளியே இடி இடித்தது. கோடை மழை. மேலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து செல்லியின் தலையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிட்டு மறுபடி விளையாடினாள்.

“சார், இந்த ஜன்னல் பொய்! என்னாலதான் வெட்டினாங்க. கட்டை வைக்கல சார். சுவர் வுழுந்துடும் சார்!”

கத்தினேன் என்று பிறகு சின்னதம்பி சொன்னார். எனக்கு நினைவில்லை.

சார் என்னைப் பார்க்கவே இல்லை. செல்லியை அள்ளிப் பச்சையம்மாவிடம் கொடுத்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். சின்னதம்பியும் அவரும் நானும் பரணிலிருந்த இரண்டு மரங்களை இழுத்துக் கூரைக்கு முட்டுக் கொடுத்தோம். இரண்டாவது மரத்தை நிறுத்திவிட்டு நாங்கள் வெளியே வருவதற்கும் பின்சுவர் சரிவதற்கும் சரியாக இருந்தது. கூரை முட்டில் நின்றது. ஓட்டைக்கு அடியில், செல்லி உட்காரும் இடத்தில், இடுப்பளவு ஈர மண்.

மழை விட்டதும் சார் கேட்டார், “தாள்ல இருக்கிற அளவெல்லாம்?”

“ஒண்ணுமே அளக்கல சார்.”

“இந்த வருஷம் உனக்கு இல்ல. அடுத்த வருஷம் உண்டான்னு, நீ அந்தச் சுவரைக் கட்டி முடிச்சப்புறம் சொல்றேன்.” அதோடு இறங்கிப் போய்விட்டார்.

சின்னதம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவர் போனது அவருக்கு. “கடசீல வெரட்டிட்டாங்களா தம்பி?” என்று என்னைக் கேட்கிறார். அழுதுவிட்டேன்.

2-5-63

மண் மிதித்து மிதித்துக் கால் வெடித்துவிட்டது. ஒரு நாளைக்கு ஓரடி உயரம்தான் ஏற்றலாம், காய விட்டுத்தான் மேலே போக வேண்டும். பச்சையம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. களி மட்டும் வைக்கிறார்.

11-5-63

சுவர் முடிந்தது. ஜன்னல் இல்லை. உள்ளே பழையபடி புகை.

பச்சையம்மா கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “செவுரு கெட்டியாத்தான் கீது” என்றார். புளிய மரத்தடியில் என் செருப்பு அப்படியே இருந்தது.

14-5-63. வாணியம்பாடி

ஃபெயில் என்று அத்தாவிடம் சொன்னேன். அவர் என் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லூரி எப்போது திறக்கிறது என்று மட்டும் கேட்டார்.

9-7-63. சென்னை

சுவர் முடிந்ததைக் கேட்டுவிட்டு சார் என் பெயரை மறுபடி சேர்த்துக்கொண்டார். வரைபலகையில் புதுத் தாள் ஒட்டினேன். அதே மலை வீட்டு உணவு விடுதி. வாசல் உயரம் நாலடி இரண்டு அங்குலம், அளந்தது. சுவர்க் கனம் ஒன்றரை அடி, கட்டியது. ஒவ்வொரு கோடும் போடுமுன் அளவுக் குறிப்பை இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

பக்கத்து மேசை ரஹ்மான் எட்டிப் பார்த்தான். வாசலுக்கு மேலே எதற்கு இவ்வளவு தடித்த கட்டை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்றான்.

இருக்கட்டும் என்றேன்.