பி.ஏ. இல்லாமல் ஜாம்பியாவுக்கு

4-8-69, திங்கள்

விடியும்போதே புழுக்கம். துறைமுகத்து நிலக்கரிப் பொடி காற்றோடு வந்து, கொடியில் கிடந்த வெள்ளைப் புடவை சாம்பல் நிறம். மறுபடி அலச வேண்டும்.

நேற்று பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார். ஆப்பிரிக்காவில் ஜாம்பியா என்று ஒரு நாடாம். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் சொல்லித்தர டீச்சர் தேடி ஒரு மதர் வந்து கான்வென்டில் தங்கியிருக்கிறாராம். பி.ஏ. கேட்பார்களே ஃபாதர் என்றேன். போய்க் கேட்டால்தானே தெரியும் பிலோ என்றார். அதுவும் சரிதான்.

என்னிடம் இருப்பது: எஸ்.எஸ்.எல்.சி. செகண்டரி கிரேடு ட்ரெயினிங். ஏழு வருஷ சர்வீஸ். நல்ல தொண்டை.
இல்லாதது: பி.ஏ., பி.டி., பொறுமை.

ஏழு வருஷமும் திருவொற்றியூர் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் பீரியட் பி.ஏ. படித்தவர்களுக்கு மட்டும் என்பது ஹெச்.எம். சட்டம். போன வருஷம் ஒரு டீச்சர் லீவில் போனபோது கொஞ்ச நாள் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தேன். அந்த நாட்கள் மாதிரி வேறு எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. அதற்காகத்தான் இந்த ஆசை. வேறு எதற்கும் இல்லை. (சரி, ஏரோப்ளேனுக்கும் கொஞ்சம்.)

நைனாவிடம் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எதற்கும் அசரமாட்டார். எங்கள் கிரேனிலேயே கப்பலில் தூக்கி வைத்துவிடுகிறேன் என்றார். கேலியா சம்மதமா தெரியவில்லை.

6-8-69, புதன்

அரை நாள் லீவு. காரணம்: "வயிற்று வலி". உண்மையிலேயே வலித்தது, பயத்தில்.

கான்வென்ட் வராந்தாவில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் பி.ஏ. என்று பேச்சிலிருந்து தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று வாசல் வரை வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மதர் அயர்லாந்துக்காரர். முகமெல்லாம் வெயிலில் சிவந்த புள்ளிகள். என் ட்ரெயினிங் சர்டிபிகேட்டை மட்டும் நிதானமாகப் பார்த்தார். சின்ன வகுப்புகளுக்கு டிகிரி கட்டாயமில்லையாம், பாடம் நடத்தத் தெரிந்தால் போதுமாம். சனிக்கிழமை ஒரு வகுப்பு எடுத்துக் காட்டு என்றார். ஒரே நிபந்தனை, தமிழ் ஒரு வார்த்தை கூடாது. அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் ஏது.

வெங்காயம் வாங்க மறந்து வந்தேன். நைனா ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

9-8-69, சனி

முடிந்தது.

போர்டிங் பிள்ளைகள், மூன்றாம் வகுப்பு. படம் எல்லாம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன், ஒன்றையும் பிரிக்கவில்லை. மதரின் குடை மூலையில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து மேஜை மேலே வைத்தேன், கீழே வைத்தேன், விரித்து நான் உள்ளே புகுந்தேன். ஆன், அண்டர், இன்சைட். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து குடைக்குள் புகுந்து கத்தினார்கள். மதரும் புகுந்தார்.

எல்லாம் நன்றாகப் போகும்போது கடைசி பெஞ்சு வாண்டு எழுந்து ஒண்ணுக்கு டீச்சர் என்றது. நான், "சீக்கிரம் போய்ட்டு வா, பாவாடையைத் தூக்கிப் புடிச்சிக்கோ." தமிழில். அட்சரம் பிசகாத தமிழில். செத்தேன் என்று நினைத்தேன். வாண்டு பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து மதர் சிரிசிரி என்று சிரித்தார். அதற்கு விலக்கு உண்டாம்.

மதருக்கு என்னைப் பிடித்துவிட்டது. பி.ஏ. பேச்சே வரவில்லை.

ஆனால். (எப்போதும் ஒரு ஆனால்.) டீச்சர் தங்கும் வீடு கான்வென்டை விட்டுத் தள்ளி, காட்டு ஓரத்தில். அங்கே ஒரு பெண்ணைத் தனியாக வைக்க மதருக்கு மனசில்லை. இரண்டு பேராக வந்தால் சரி. இன்னொருத்தி தையல் டீச்சராக இருந்தால் ரொம்ப நல்லது, அந்த வேலையும் காலி. எந்த மதமானாலும் பரவாயில்லை. ஜோடி கிடைக்கவில்லை என்றால் வேறு ஊரில் பார்த்துக்கொள்வாராம். வெள்ளிக்கிழமை, மாதா திருநாளுக்குள் பதில் வேண்டும்.

டிகிரி இல்லையே என்று இத்தனை நாள் அழுதேன். இப்போது ஒரு ஆள் இல்லை.

10-8-69, ஞாயிறு

யார் யார்?
ஸ்டெல்லா: சித்தி மகள். தையில் கல்யாணம். கேட்டதற்கே சித்தி என்னை முறைத்தாள்.
பக்கத்து வீட்டு லூர்து: தையல் தெரியும், மாமியார் விடமாட்டாள்.
கஸ்தூரி.

பேனாவை இங்கே கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

கஸ்தூரி எங்கள் பள்ளிக்கூடத் தையல் டீச்சர். காத்திவாக்கத்துக்காரி. அண்ணன்கள் கடலுக்குப் போகிறவர்கள். தையலில் கெட்டிக்காரி, கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஐந்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்த அன்று அலமாரிச் சண்டை. என் யானைப் படத்தின் மேல் அவள் துணி மூட்டை. நான் ஏதோ சொல்ல, "பி.ஏ. படிச்சவ மாதிரி பேசாத"ன்னு எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நானும்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

13-8-69, புதன்

திங்களும் செவ்வாயும் ஸ்டாஃப் ரூமில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாய் திறக்கவில்லை. வறட்டு கௌரவம் என் பிறவிக் குணம்.

இன்று சாயங்காலம் பஸ் ஏறிக் காத்திவாக்கம். மண்ணெல்லாம் வலை காயப் போட்டிருந்தார்கள், கால் வைக்க இடமில்லை. கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை. அவள் அம்மாதான் பலகை போட்டாள். நானும் ஒரு கை இறால் எடுத்து உரித்தேன், சும்மா இருக்க முடியாமல். அப்படியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மதர், குடை, காட்டு வீடு, தையல் வேலை.

"ரெண்டு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல. இப்ப ஆள் வேணும்னதும் வூடு தேடி வந்துட்டியா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? மதர் கேட்டது இப்போதுதான், ஆனால் உன்னிடம் பேசாமல் எனக்கும் சோறு இறங்கவில்லை என்றேன். அது உண்மை.

அவள் அம்மாவுக்கு ஒரே கவலை, அங்கே என்ன சாப்பாடு போடுவார்கள். பெரிய அண்ணன், போனால் போகட்டும், தையல் மிஷின் வைத்த இடத்தில் நான் காலை நீட்டிப் படுப்பேன் என்றான். கஸ்தூரி மிச்ச இறாலையும் உரித்து முடித்தாள். கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை கொடி ஏத்தும்போது சொல்கிறேன் என்றாள். தெருமுனை வரை கூட வந்தாள். அது நல்லதுக்கா?

14-8-69, வியாழன்

ஒன்றும் ஓடவில்லை. வகுப்பில் மூன்று தடவை ஒரே கணக்கு. நைனா நான் கேட்காமலே சொன்னார், "அந்தப் பொண்ணு கூட வந்தா போ. தனியான்னா நான் வுடமாட்டேன் பிலோ." ஆக மதர் மட்டுமில்லை. எல்லாம் கஸ்தூரி கையில்.

15-8-69, வெள்ளி

லேசான தூறல். விடியற்காலைப் பூசை, அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம். கொடி ஈரமாகி விரியவே இல்லை, பியூன் கயிற்றை உலுக்கி உலுக்கி விரித்தான்.

மிட்டாய் கொடுக்கும்போது கஸ்தூரி வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே கடல் இருக்கிறதா என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஜாம்பியாவில் கடலே கிடையாது, பார்க்க வேண்டுமென்றால் ரெயிலில் நாள் கணக்கில் போக வேண்டும் என்று மதர் சொல்லியிருந்தார். அதையே சொன்னேன். காத்திவாக்கத்துக்காரியிடம் கடல் இல்லாத ஊருக்கு வா என்கிறேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

மிட்டாயைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணனுங்க கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் எங்கம்மா தூங்காது. நானும் தூங்கமாட்டேன். அலை சத்தத்தையே கேட்டுகினு கெடப்போம். பொறந்ததுலேர்ந்து இப்டிதான் கீறேன். அந்தச் சத்தமே இல்லாத ஊர்ல போய்த் தூங்கணும் பிலோ. மதராண்ட சொல்லு, ரெண்டு பேரும் வர்றோம்னு."

பிள்ளைகள் எதிரிலேயே அழுதுவிட்டேன். ஹெச்.எம். தேசபக்தி என்று நினைத்திருப்பார்.

அடுத்த பஸ்ஸிலேயே கான்வென்ட். ரெண்டு பேரும். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள், ரெண்டு மாதம் பேசாததையும் சேர்த்து.