செந்நாய் தேடிய மே மாதம்

நேற்று திண்டுக்கல் கடைவீதியில் டீ வடிகட்டி வாங்கப் போனேன். கடைப் பெண் ஒன்றை எடுத்து நீட்டி, "கம்பி வலைம்மா, ஒரு பொடி இறங்காது" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீ வடிகட்டியில் நாம் எதை அலசினோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம்தான் சொல்லிச் சிரிக்க வேண்டும். நீ கண்மூடிப் பத்து மாதமாகிறது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே கல்லூரியில் விலங்கியல் டியூட்டர்கள். மே விடுமுறையில் பழனி மலைச்சரிவில் செந்நாய் கணக்கெடுக்க ஆள் வேண்டுமென்று வனத்துறையிலிருந்து கடிதம் வந்தது. யாரையும் கேட்காமல் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். எங்கள் சின்னாளபட்டி வீட்டில் தறியை நிறுத்திவிட்டு அம்மா கேட்டாள்: "பொம்பளப் புள்ளைக ரெண்டு பேரும் காட்டுல போயி நாயைப் பாக்கப் போறீகளாக்கும்?"

"நாயைப் பாக்குறது கஷ்டம்மா. அது போட்டு வச்சதப் பொறுக்கத்தான் போறோம்" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. விரித்துக்கொள்ள ஒரு பழைய சுங்குடிச் சேலையும் கிடைத்தது.

பாலசமுத்திரத்தில், மலையைப் பார்த்த கடைசி வீட்டில் ஓர் அறை எடுத்தோம். வீட்டுக்காரம்மா பொன்னாத்தா ஆடு வளர்ப்பவர். விடிந்ததும் வனத்துறை வாட்சர் மயில்சாமியோடு மலையேறுவோம். தடத்தில் கிடக்கும் எச்சத்தைத் தாள் பைகளில் பொறுக்கிக்கொண்டு மதியம் இறங்குவோம். அந்தச் சுங்குடிச் சேலையை வாசலில் விரித்துக் காயவைப்போம். முதல் நாளே பொன்னாத்தா வந்து குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், வத்தலுங்களா?"

நான் தலையாட்டப் போனேன். "இல்லைங்க, செந்நாய்ப் பீ" என்று நீ முந்திக்கொண்டாய். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அலசிப் பார்க்க நீ அவருடைய பழைய வடிகட்டியைக் கேட்டபோது, "திருப்பி மட்டும் குடுத்துராதீங்க" என்று தூக்கி எறிந்தார்.

இரண்டாம் வாரம் அந்த வீட்டில் சிரிப்பு நின்றுபோனது. பொன்னாத்தாவின் ஆடு ஒன்று கடிபட்டுச் செத்துக் கிடந்தது, அந்தக் கோடையில் நாலாவது. பாதி தின்ற உடலைத் தூக்கிவந்து வாசலில் போட்டார். கையில் பூச்சிமருந்துப் பொட்டலம். "இதுல தடவி மலையடியில போட்டுட்டு வாரனுங்க. உங்க செந்நாயி ஒண்ணுகூட மிஞ்சாது."

மயில்சாமி பதறிப்போய்ச் சட்டம் பேசினார். பொன்னாத்தா கேட்கவில்லை. நீதான், "செத்த நேரம் பொறுங்க. அது என்ன தின்னுச்சுன்னு இங்கயே பாத்துருவோம்" என்று உட்கார்ந்தாய். அதுவரை பொறுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தாய். கடமான் மயிர். புள்ளிமான் மயிர். முயல் எலும்பு. மறுபடி கடமான். எனக்கு உயிர் வந்தது. கடைசிக்கு முந்திய பையில் கறுப்பு மயிரும் ஒரு சின்னக் குளம்புத் துண்டும் வந்தன.

ஆட்டுக் குளம்பு. நம் இருவருக்கும் தெரிந்தது, மூக்கைப் பொத்தித் தள்ளி நின்ற பொன்னாத்தாவுக்குத் தெரியவில்லை. அவர் பார்க்காதபடி உன் தொடையைக் கிள்ளினேன். சொல்லாதே என்று அர்த்தம். ஒரு கூட்டமே சாகப்போகிறது, ஒரு குளம்பை மறைத்தால் என்ன?

நீ அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாய். "இது உங்க ஆடுதாங்க. ஒண்ணைத் தின்னுருக்கு."

பொன்னாத்தா அதை விரலால் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மத்ததுல எதுலயும் இல்லீங்களா?"

"இல்லைங்க. நீங்களே பாருங்க."

"மலையில மேய்க்கையில பட்டப்பகல்ல போனது ஒண்ணுதானுங்க. மத்த மூணும் ராவுல, பட்டிக்குள்ள." கொஞ்சம் யோசித்தார். "செந்நாயி ராவுல ஊட்டு வாசலுக்கு வருமுங்களா?"

"வராதுங்க" என்றார் மயில்சாமி. "பகல்லதான் வேட்டை."

"அப்ப மூணையும் தின்னது நம்மூரு நாய்கதான். தின்னதத் தின்னுச்சுன்னு சொன்னீங்களே, அதனால மிச்சத்தையும் நம்புறனுங்க." பொட்டலத்தை மயில்சாமியின் கையில் கொடுத்துவிட்டு ஆட்டைப் புதைக்கப் போனார்.

அடுத்த இரண்டு மாலைகளும் நாம் மூவரும் அவரோடு பட்டியைச் சுற்றி வேலாமுள் அடைத்தோம். என் கையெல்லாம் கீறல். "கணக்கெடுப்புப் படிவத்துல இதுக்கு இடமில்லையேடி" என்று நீ அலுத்துக்கொண்டாய். நாம் அங்கே இருந்தவரை அதன்பின் ஒரு ஆடும் போகவில்லை. மாதம் முழுக்கச் செந்நாயை மட்டும் கண்ணால் பார்க்கவில்லை.

கடைசி நாள் காலை ஓடைக்கரையில் மயில்சாமி சட்டென்று கையை அமர்த்தினார். உட்கார்ந்தோம். எதிர்ப் புதருக்குள்ளிருந்து விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். செங்கல் நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. பின்னால் இன்னும் சில. அப்புறம் குட்டிகள்! ஒன்றன் கறுத்த வாலை ஒன்று கடித்துக்கொண்டு, தண்ணீரில் விழுந்து எழுந்து, தும்மிக்கொண்டு. நீ என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். விட்டபோதுதான் வலி தெரிந்தது. அவை போய்விட்டன.

"எத்தனை?" என்றேன்.

"நீ எண்ணலையா?"

"நீ எண்ணுவேன்னு நினைச்சேன்."

மயில்சாமியைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வெட்கத்தோடு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"ஒன்பதுன்னு போட்டுருவோமா?" என்று நான்தான் கேட்டேன். நீ படிவத்தை வாங்கி, எண்ணிக்கை என்ற கட்டத்தில் உன் முத்தான கையெழுத்தில் எழுதினாய்: "பார்த்தோம். எண்ணவில்லை."

அலுவலகத்தில் அதற்காக நமக்கு நல்ல திட்டு விழுந்தது. பின்னாளில் என் மாணவிகள் யாராவது நோட்டில் இல்லாத அளவை இட்டுக்கட்டி எழுதி வந்தால், நான் திட்டியதே இல்லை. உன் கதையைச் சொல்லி, அந்த இரண்டு சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பேன்.