படம் பார்த்தாச்சு

18.2.1999, ஸ்ரீபெரும்புதூர்

மணிமங்கலம் கேபிள் சாம்சனுக்கு எட்டு பழைய சாட்டிலைட் ரிசீவர் விற்றேன். தலா இரண்டாயிரத்து இருநூறு. ரொக்கம்.

எட்டையும் கடை டிஷ்ஷில் மாட்டி ஓட்டிக் காட்டினேன். ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி. தமிழ், மலையாளம், தெலுங்கு, எட்டிலும் கண்ணாடி மாதிரி படம். பார்க்கப் பார்க்க ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் சாக்பீஸால் ஒரு சிலுவை போட்டுக்கொண்டே வந்தான். பழைய பெட்டி வியாபாரத்தில் பத்திரம், ரசீது எல்லாம் ஒரே வார்த்தைதான். வாங்குகிறவன் வாயால் "படம் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டால் பெட்டி திரும்ப வராது. சொன்னான்.

அவனிடம் நான் சொல்லாதது ஒன்று. போன வாரம் ரிச்சி தெருவில் மொத்த வியாபாரி சொன்னது. மார்ச் ஒன்றாம் தேதி இந்த எட்டு சேனலும் டிஜிட்டலுக்குப் போகின்றன. அப்புறம் இந்தப் பெட்டிகளில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சென்னைக்காரர்கள் அள்ளிக் கொட்டுகிறார்கள், எனக்கும் அறுநூறுக்கு வந்தது.

அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

19.2.1999

தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

சென்னையில் பழசு, பென்னலூரில் புதுசு. ஐந்து வருஷமாக இந்த ஒரு வரியில்தான் பிழைக்கிறேன். பட்டணத்தில் மாடல் மாறும்போதெல்லாம் கழித்துப் போட்டதை எடுத்து வந்து, இரண்டு வருஷம் பின்தங்கி நிற்கும் ஊர்களுக்கு விற்பது. ஊரிலிருந்து வந்த புதிதில் என் வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்டுக்குப் போய்விடுவார், நான் அறையில் சும்மா இருப்பேன். கழுத்தில் இருந்ததை வைத்து இரண்டு ரிசீவர் வாங்கினேன். ஒன்றை இந்த சாம்சன்தான் எடுத்தான். கூடவே எடுத்த டிஷ்ஷை டி.வி.எஸ். 50-இல் குடை மாதிரி விரித்துக் கட்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. போகிற இடமெல்லாம் மற்ற ஆபரேட்டர்களிடம், "செல்வியக்கா கைல வாங்கு, அது ஏமாத்தாது" என்று சொல்வானாம். பாதி வியாபாரம் அவன் வாயால் வந்தது.

சரி. வியாபாரத்தில் யாராவது ஒருத்தர் கையில்தான் கடைசிப் பெட்டி நிற்கும். என் கையில் நிற்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

1.3.1999

காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்து என் பெட்டியைத் திருகிப் பார்த்தேன். எட்டு சேனலும் போய்விட்டது. திரை முழுக்கப் பொரி.

3.3.1999

சாம்சன் வந்தான். ஒரு பெட்டியை மட்டும் டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு.

சண்டை போடுவான் என்று நினைத்துப் பேச்செல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் சொன்னது இது: "ரெண்டு நாளா மாடிலயே டிஷ்ஷ திருப்பினு கீறேன்க்கா. எட்டும் வர்ல. நம்ம கைதான் சரியில்ல போல. நீ ஒருதபா பாத்து சொல்லேன்."

கை சரியில்லையாம்.

டிஜிட்டலுக்குப் போய்விட்டதைச் சொன்னேன். புதுப் பெட்டி ஒன்று பன்னிரண்டாயிரம் ஆகும் என்றும் சொன்னேன். அப்புறம், "உனக்கு எப்பக்கா தெரியும்?" என்றான்.

"படம் பாத்துட்டுத்தான தம்பி எடுத்தீங்க?" என்றேன்.

"ஆமா. பாத்தேன்."

பெட்டியைத் திரும்பக் கட்டினான். முடிச்சு சரியாக விழாமல் இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினான். போய்விட்டான்.

4.3.1999

நைட் ஷிப்ட் முடித்து வந்த அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா, செல்வி" என்றார். சொல்லியிருந்தால் எட்டும் நம் வீட்டில் நின்றிருக்கும் என்றேன். "நிக்கட்டுமே" என்றார். கை கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். ஐயனார் என்று பெயர் வைத்தார்களே தவிர அரிவாள் எடுக்கிற ஆள் இல்லை. இரண்டு அடி அடித்திருந்தால்கூட ஏதாவது தோன்றியிருக்கும்.

22.4.1999

படப்பைக்காரன் ஒருத்தன் டிஜிட்டல் பெட்டியோடு மணிமங்கலத்தில் லைன் இழுத்துவிட்டான். சாம்சனிடம் நூற்று நாற்பது வீடு இருந்தது. இப்போது பன்னிரண்டு என்கிறார்கள். அதுவும் சொந்தக்கார வீடுகள்.

7.6.1999

சந்தையில் சாம்சனைப் பார்த்தேன். சைக்கிளில் போனான். டி.வி.எஸ்.ஸை விற்றுவிட்டான் போல. என் பக்கம் திரும்பவில்லை. நான் தக்காளி இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

14.11.2001

கடை முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது. மிஞ்சின பழைய பெட்டிகளை எடைக்குப் போட்டேன். உள்ளே இருக்கும் செம்புக்குத்தான் விலை.

முதன்முதலில் வாங்கிய இரண்டில் ஒன்றை மட்டும் போடவில்லை. மேஜைக்கு அடியில் இருக்கிறது. படத்துக்கு ஒரு குமிழ், சத்தத்துக்கு ஒரு குமிழ். படம் பிடித்துவிட்டு, விரலால் மயிரிழை மயிரிழையாகத் திருகிச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும். ஊமையாக வாயசைக்கிறவர்கள் திடீரென்று பேசத் தொடங்குவார்கள். அந்த நொடிக்காகவே திருகலாம். மழை நாளில் படத்தில் பொரி விழும், ஆனாலும் அதற்குள்ளே முகம் தெரியும், யார் என்று சொல்லிவிடலாம். டிஜிட்டலில் அந்தப் பேச்சே இல்லை. வந்தால் முழுசாக வரும். இல்லாவிட்டால் கறுப்பு.

ஏன் இதை எழுதுகிறேன்? காலையில் கடை திறந்ததும் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கிறேன். ஒன்றும் வராது. சிவப்பு எண் எரியும், மூடி சூடாகும். கையை வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

2.5.2003

இன்றும் புது மாடல் இறங்கியது. போன மாடல் பாதி விலை. பழகிவிட்டது.

26.3.2005

மாதக் கட்டணம் இல்லாத சின்ன டிஷ் நன்றாகப் போகிறது. தென் மாவட்டத்துப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து அறைக்கு ஒன்று வாங்குகிறார்கள். ஓவர்டைம் பார்த்த மாதம் வியாபாரம் அதிகம். எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். விற்கும்போது, அடுத்த வருஷம் இதுவும் மாறலாம் என்று சொல்லித்தான் விற்கிறேன். "மாறுனா மாத்திக்கிடுவோம்க்கா" என்று சிரிக்கிறார்கள். ஒருத்தனும் வாங்காமல் போகவில்லை. சொன்னாலும் வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது.

இது அன்றைக்குத் தெரியவில்லை.

9.8.2006, ஒரகடம்

தொழிலாளர் ஹாஸ்டல் ஒன்றில் டிஷ் வைக்க ஆர்டர். கேட்டில் செக்யூரிட்டி உடுப்பில் சாம்சன்.

நரைத்துவிட்டான். தெரியாத ஆளிடம் நீட்டுவது போல நோட்டை நீட்டினான். "பேரு, வண்டி நம்பர், உள்ள போற டைம் எழுதுங்க மேடம். இன்னா வேலைன்னும் எழுதணும்."

எழுதினேன். வாங்கிப் படித்தான். "டிஷ்ஷா? இங்க பசங்கோ படம் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. சொல்லிட்டேன் மேடம்" என்றான். சிரிக்கவில்லை. கம்பியைத் தூக்கினான்.

படம் முதல் திருப்பிலேயே வந்தது. வெளியே வரும்போது நேரம் எழுதச் சொன்னான். மேடம், மேடம், மொத்தம் நாலு தரம்.

13.8.2006

ஞாயிறு. மணிமங்கலம் போகலாம் என்று பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை.

27.8.2006

போனேன்.

சாம்சன் சர்ச்சிலிருந்து வரவில்லை. அவன் மனைவி ராஜம்மாதான் இருந்தாள். ரிசீவர் விஷயம் என்றதும் பரணைக் காட்டினாள். எட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அடுக்கியிருந்தது. "வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு வெள்ள அடிக்கும்போது எறக்கித் தொடச்சி ஏத்துவேன். முதுவ மட்டும் தொடைக்கக் கூடாதுன்னுடுவாரு" என்றாள். இறக்கிப் பார்த்தேன். எட்டு சிலுவையும் அப்படியே இருந்தன.

சாம்சன் வந்தான். வெள்ளைச் சட்டை. என்னையும் தரையில் இருந்த பெட்டிகளையும் பார்த்தான்.

எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். எடைக்கா என்று கேட்டான். இல்லை, தலா மூவாயிரம் தருகிறேன் என்றேன்.

"நான் குடுத்தது எவ்ளோவோ அவ்ளோ குடுங்க. ஒரு ரூபா சாஸ்தி வோணாம்."

பணத்தை எடுத்தேன். அவன் கை நீட்டவில்லை.

"வாங்கறவங்க வாயால சொல்லணும் இல்ல மேடம்? அதான வழக்கம்."

ராஜம்மா அவனைப் பார்த்தாள்.

"படம் பாக்கல," என்றேன். "தெரிஞ்சுதான் எடுக்கேன்."

தலையை ஆட்டினான். பணத்தை வாங்கி எண்ணாமல் ராஜம்மாவிடம் கொடுத்தான். ஆட்டோ பிடித்து வந்து எட்டையும் அவனே ஏற்றினான். இந்தத் தடவை கயிறு முதல் முடிச்சிலேயே நின்றது. "பாத்துப் போங்க மேடம்" என்றான்.

எட்டு ரிசீவர். தலா இரண்டாயிரத்து இருநூறு. ரொக்கம். படம் பார்க்காமல் எடுத்தது. திரும்பக் கொடுக்க முடியாது.