தீட்டு தெரியாத வாசல்

மைனி,

கொடியில் இட்லித்துணி காய்கிறது. தகர இடுக்கு வழியாகக் காலை வெயில் அதன் மேல் விழுந்ததும், எத்தனை துவைத்தாலும் போகாத வட்டத் தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தோல் ஊறும் நாற்றம் எப்போதும்போல் தாராவிக் காற்றில் இருந்தது. துணிக்குப் பக்கத்தில் மட்டும் புளித்த மாவின் வாசனை. அரைத் தூக்கத்தில் அப்படியே நின்றேன். துணிக்கு அந்தப் பக்கம் நீங்கள் குனிந்து அடுப்பு ஊதுவதாகவும், நான் ஒரு வார்த்தை பேசினால் கலைந்துபோவீர்கள் என்றும் தோன்றியது. பேசவில்லை. அப்போது பேசாததை இப்போது எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் தோல்கிடங்கில் சில வாரம் வேலை இருக்கும், சில வாரம் இராது. வேலை இல்லாத ஒரு வாரத்தில்தான், "இப்படியே போனா பிள்ளையோட உன்னை ஊருக்கு அனுப்பிருவேன்" என்றார் உங்களிடம். நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள். "நான் அடுத்தவன் வயல்ல குனிஞ்சது போதும். எம்மவ இங்கதான் படிப்பா" என்றீர்கள். சண்டையெல்லாம் போடவில்லை. மறுநாள் இட்லி விற்க அரிசியை நனைத்தீர்கள்.

அந்த முதல் மாதங்களை நினைத்தால் எல்லாம் ஆவிக்குள் நடந்ததுபோல் இருக்கிறது. கொப்பரை மூடியைத் திறந்தால் அறையில் யார் முகமும் தெரியாது. வாசலில் கைகளும் தட்டுகளும் மட்டும் மிதந்து வரும். சந்து முழுக்க நம் ஊர்க்காரர்கள்தானே! "ஏட்டி, எனக்கு நாலு", "மைனி, சட்னி கொஞ்சம் தாராளமா" என்று குரல்கள். ஏழு மணிக்குள் கொப்பரை காலி. தொழில் நிலைத்துவிட்டது என்று நானே நம்பினேன்.

பிறகு ரயில்கள் வர ஆரம்பித்தன.

ஊரிலிருந்து வந்திறங்கும் ஆள் காப்பியைக் குடித்து முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உங்க பெரியப்பா தவறிட்டாருல்லா?" என்பார். அவ்வளவுதான். பங்காளி செத்த தீட்டு. பதினாறு கழியும்வரை நம் வீட்டுப் பண்டத்தைச் சந்தில் யாரும் தொடமாட்டார்கள். ஆட்டி வைத்த மாவைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதுதான். தீட்டு கழிந்து அடுப்பு மூட்டினால், வாங்கியவர்களில் பாதிப் பேர் வேறு வீட்டில் வாங்கப் பழகியிருப்பார்கள். அவர்களைத் திரும்பப் பிடிப்பதற்குள் இன்னொரு பங்காளி வீட்டில் பிள்ளை பிறக்கும். அதற்கும் ஒரு தீட்டு.

"ஊர்லேருந்து ஆள் வந்தாலே நான் மாவுப் பானையத்தான் பாக்கேன் கொழுந்தனாரே. இந்தத் தடவை யாரைக் கொன்னுட்டு வந்திருக்காவளோ" என்றீர்கள். சிரித்தோம். சிரித்துக்கொண்டே நீங்கள் கவிழ்த்து வைத்த கொப்பரை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர், நம் பெண்கள் வீட்டில் தொடங்கும் தொழில் ஏன் படுத்துவிடுகிறது என்று விளக்கினார். சோம்பலாம், விடாமுயற்சி இல்லையாம். வெள்ளைச் சட்டை. அவர் வீட்டில் ஆட்டுரல் எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. வீடு உங்களுடையதாக இருந்தால் அல்லவா வீட்டுத் தொழில் உங்களுடையதாக இருக்கும்? உங்கள் அடுப்பை மூட்டுவது நீங்கள், அணைப்பது ஊர். ஆயிரம் மைலுக்கு அப்பால் செத்தவன்கூட அதை அணைக்கலாம்.

மூன்றாம் முறை அணைத்தவர், வரப்புத் தகராறில் அண்ணனை அரிவாளோடு விரட்டிய சித்தப்பா. அவர் செத்த சேதி வந்தபோது மாவு பானையில் இருந்தது. விடிகாலையில் நான் கண் விழித்தேன். அறை நீலமாக இருந்தது. பானை மூடி தானாக மெல்லத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாவு பொங்கி விளிம்பில் வழிந்தது. யார் செத்தால் அதற்கு என்ன! நீங்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினீர்கள்.

"ஒங்க பட்டறைக்கு அடுத்த கம்பெனி வாசல்ல மராட்டிக்காரங்க நிப்பாங்கன்னியளே. எந்த வழி?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

சும்மாடு கோலி, அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்து, வடாலா வரை நடந்தீர்கள். சட்னி வாளி என் கையில். உப்பளத்துப் பக்கம் பனிமூட்டம். முன்னால் போகும் உங்கள் கால்கள் தெரியாமல் பாத்திரம் மட்டும் மிதந்து போனது. கம்பெனி வாசலில் ஒருவர், "ஏ பாயி, யே க்யா ஹை?" என்றார், இது என்னம்மா என்று. "இட்லி. காவோ, அச்சா ஹை" என்றீர்கள். சாப்பிடு, நன்றாயிருக்கும்: உங்களுக்குத் தெரிந்த இந்தி அதோடு முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது. திரும்பும்போது பாத்திரத்தைக் கையில் வீசிக்கொண்டு சொன்னீர்கள்: "வாங்குறவனுக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டது தெரியக் கூடாது கொழுந்தனாரே. அதான் யாவாரம்."

சந்து விடுமா? எதிர்வீட்டு அத்தை வாசலை மறித்து நின்றாள்.

"ஏட்டி, செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதை மனசுல இருக்கு அத்தை. மாவு பானையில பொங்குதே, அதை என்ன செய்ய?"

"திமிரைப் பாரு! இனிமே ஓங்கையால நான் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்."

"குடிக்காதிய. குழாயடியில எனக்கு ஒரு குடம் மிச்சம்."

அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவேன் என்றார். ஏற்றவில்லை. மழைக்காலத்தில் கிடங்கு மூடிக் கிடந்தபோது எல்லோரும் அந்தக் கம்பெனி வாசலை வைத்துத்தான் சாப்பிட்டோம். ஒருநாள் காலை அவரே எழுந்து வந்து பாத்திரத்தைத் தூக்கி உங்கள் தலையில் வைத்தார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள்.

அடுத்த மழையில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நீங்கள் அதிக நாள் இல்லை.

எல்லோரையும்விட உரக்க அழுதது அத்தைதான். நடிப்பு என்று சொல்ல முடியவில்லை. அழுது ஓய்ந்ததும், "தாயில்லாப் பிள்ளையை இங்க வச்சு என்ன செய்வியோ? பதினாறு கழியட்டும், ஊருக்குப் போற யாரோடயாவது அனுப்பிவிடுங்க" என்றாள். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அண்ணன் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அவள் அங்கேயே தூங்கிவிட்டாள். வீடு காலியானதும் அவர் அவளைப் பாயில் கிடத்திவிட்டு, "அரிசியை நனைச்சுப் போடுல" என்றார். "தீட்டு..." என்றேன். நானா அதைச் சொன்னேன்! "அடுப்பு அணைஞ்சா பிள்ளை ஊருக்குப் போயிருவால" என்றார்.

எங்கள் இட்லி கல்லாக இருந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனி வாசலில், "பாயி கிதர் ஹை?" என்று உங்களைத் தேடினார்கள். உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன். அவர்களுக்கும் சூதக் என்று ஒன்று உண்டு, மைனி. சாவு விழுந்த வீட்டுப் பண்டத்தை அவர்களும் தொடமாட்டார்கள். அந்த வாசலுக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவுதான். வேறொரு பெருந்தன்மையும் அங்கே இல்லை.

"காவ் கயீ" என்றேன். ஊருக்குப் போயிருக்கிறாள்.

எந்த இடத்துக்குப் போகவே மாட்டேன் என்று நின்றீர்களோ, அங்கே உங்களை நானே அனுப்பிவிட்டேன். உங்கள் மகள் இன்று எண்ணெய் வைத்து, தானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். வாசலில் அந்த மராட்டிக்காரர் இன்றும் கேட்டார், பாயி எப்போது வருவாள் என்று. சீக்கிரம் வந்துவிடுவாள் என்று சொல்லி, அவர் தட்டில் ஒன்று கூடுதலாக வைத்தேன்.