மூன்றரை நிமிடம்

மார்ச் 4

காலையில் குடோனில் சுவிட்ச் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தேன். 'பக்கம் பி' இரண்டாம் இதழ் போனில் வந்து கிடந்தது.

இந்தக் கிறுக்கைப் பற்றி இதுவரை இந்த நோட்டில் எழுதியதில்லை. ஐம்பத்தாறு வயதில் எழுதக் கூச்சம். எப்போதோ கலைந்துபோன ஓர் இசைக்குழுவின் ரசிகர்கள் நூற்றெண்பது பேர், ஆளுக்கொரு ஊரில் இருந்தபடி போனில் ஒன்றுகூடிப் போடுகிற பத்திரிகை இது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஒருவர் கேசட் அட்டையை ஸ்கேன் செய்வார், ஒருவர் பாட்டைக் கேட்டு வரி எழுதுவார், ஒருவர் படம் வரைவார். எல்லாவற்றையும் கோர்ப்பது ஒரு நர்ஸ். அவர்தான் ஆசிரியர். ஊசி போட்டுப் பழகிய கை. நம் வாக்கியத்தையும் அப்படித்தான் திருத்துவார்.

எனக்கு அங்கே 'டேப் மாமா' என்று பெயர். அந்தக் குழுவின் கேசட்டுகள் என்னிடம் இருக்கிற அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை. எப்படிச் சேர்த்தீர்கள் என்று வாய் பிளக்கிறார்கள். சேர்க்கவில்லை. விற்காமல் நின்றுபோன சரக்கு. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் நானும் மைத்துனனும் ஓர் அறையில் நாலு மெஷின் வைத்துத் திருட்டுக் காப்பி அடித்து, நடைபாதையில் விரித்து விற்றோம், வெளியூர்களுக்கும் மூட்டை கட்டி அனுப்பினோம். இந்தக் கடைக்கு அதுதான் விதை. ரசிகர்களிடம் அதைச் சொன்னதில்லை. மாமா, மாமா என்று கூப்பிடும்போது உடம்பு கூசுகிறது. பிடிக்கவும் பிடிக்கிறது.

நடுப்பக்கத்தில் 'நீல அட்டை'யின் உள்சீட்டு. அந்தக் குழுவின் கடைசித் தொகுப்பை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பாட்டுப் பெயர்களைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த சீட்டு. "யாரோ ஒரு ரசிகையின் முத்தான கையெழுத்து" என்று நர்ஸ் உருகியிருக்கிறார். என் மனைவியின் கையெழுத்து. காட்டினேன்.

"அடடே, நான் ரசிகையா? உங்களுக்கும் என் தம்பிக்கும் சம்பளமில்லாத வேலைக்காரின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

இரண்டு தடவை வாங்கிப் பார்த்தாள்.

அதே இதழில் என் கட்டுரையும் வந்திருக்கிறது. 'இரண்டு குரல், ஒரு பெயர்'. நீல அட்டையில் பாடுவது மெல்லிய, இளசான குரல். மேடையில் குழுவின் பாடகி கனத்த குரலில் பாடினார். கேசட்டில் பாடியது வேறு யாரோ என்று அப்போதே பேச்சு இருந்தது. அது உண்மைதான் என்று எழுதியிருக்கிறேன். "அசலும் போலியும் பார்த்துப் பிழைத்தவன் நான். இரண்டும் ஒரே தொண்டை இல்லை" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6

கட்டுரைக்கு அறுபது பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் எதிரில் நின்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் அவர் ஒயர் கேட்கிறார் என்பதே காதில் விழுந்தது.

மார்ச் 13

பாடகியே நர்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரோ அவருக்கு இதழை அனுப்பியிருக்கிறார்கள். நர்ஸ் கடிதத்தை அப்படியே குழுவில் போட்டுவிட்டார்.

எல்லாப் பாட்டும் அவர் பாடியதுதானாம். வேறு ஆளைப் பாடவைத்து ஏமாற்றுகிறாய் என்று மேடைக்குக் கீழேயிருந்து கத்தினார்களாம். கேசட்டில் இருக்கிற உயரத்துக்கு எட்டிப் பிடிக்கப் போய் ஒரே வருடத்தில் தொண்டை கெட்டதாம். பாட்டை விட்டுவிட்டு இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். கடைசியில் இப்படி: "ஊரெல்லாம் கேட்ட குரலும் என்னிடம் உள்ள கேசட்டில் இருக்கும் குரலும் ஏன் வேறாக இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கம்பெனி எனக்குக் கொடுத்த அந்தக் கேசட்டை அனுப்புகிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள். அதையும் அச்சிடுங்கள்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அதைத்தான் முதலில் எழுதி வைக்க வேண்டும். எழுதியவனை விட்டுவிட்டு நர்ஸிடம் போய் முறையிடுவானேன் என்று தோன்றியது.

மார்ச் 15

குழுவில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருக்கிறான். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவன் வேலை. பாடகியின் கேசட் அவனிடம்தான் போனது. மதியம் கூப்பிட்டான்.

"மாமா, அவங்க அனுப்பினது அறுபத்து மூணரை நிமிஷம் ஓடுது. உங்களது சரியா அறுபது. பாட்டு எதுவும் விட்டுப்போகல, வரிகூட விட்டுப்போகல. மூணரை நிமிஷம் எங்க போச்சு?"

"பாத்துச் சொல்றேன்பா" என்றேன்.

பார்க்க என்ன இருக்கிறது.

அந்த மூன்றரை நிமிடத்தை எடுத்தவன் நான். அறுபது நிமிட வெற்றுக் கேசட்தான் மலிவாகக் கிடைக்கும். நீல அட்டை அதற்குள் அடங்கவில்லை. ஒரு பாட்டை வெட்டினால் வாங்குகிறவன் கண்டுபிடித்துவிடுவான். அசல் கேசட் ஓடுகிற மெஷினின் மோட்டாருக்குப் பின்னால் ஓர் ஓட்டை, அதற்குள் சின்ன ஸ்க்ரூ. அதைத் திருப்பினால் ஓடுகிற டேப் கொஞ்சம் வேகம் பிடிக்கும். எல்லாப் பாட்டும் அடங்கிவிடும். குரல் மட்டும் மேலே ஏறி மெலிந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? கம்பெனியிலிருந்து ஒரு பிரதி முன்கூட்டியே எங்கள் கைக்கு வந்திருந்தது; அவர்கள் சரக்கு கடைக்கு வருவதற்குள் எங்கள் காப்பி ஊர் ஊராகப் போய்விட்டது.

எத்தனையோ தொகுப்புக்கு இதைச் செய்தோம். அதனால் மறந்தேபோனது — சத்தியமாக மறந்துபோனது. ஆனால் மறந்தேன் என்று சொல்வதே இப்போது கேவலமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு அது ஞாபகம்கூட இல்லை என்றால் என்ன மனுஷன் நான்?

நான் பண்ணின போலியைக் கையில் வைத்துக்கொண்டு அசலைப் போலி என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 16

மைத்துனன் கடைக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"திருடினது நாம, ரசிச்சது நாம, கட்டுரை எழுதினதும் நாம! அவார்டு ஒண்ணுதான் மச்சான் பாக்கி!"

நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலைத் தணித்தான். "இங்க பாருங்க. போலீஸ் வரப்போறதில்ல. அந்தம்மா புதுசா பாடப்போறதும் இல்ல. நீங்க வாயத் தொறந்தா யாருக்கு என்ன லாபம்? பேசாம ஒயர் வித்துட்டு இருங்க."

லாபம் என்ன என்றுதான் நானும் வாழ்நாள் முழுக்கக் கேட்டுவந்திருக்கிறேன். வேறு ஒருவன் வாயிலிருந்து வரும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 17

ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 18

இன்று செய்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

குழுவில் காலையிலிருந்து விவாதம். எட்டுப் பேர் தங்கள் வீட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எட்டும் அறுபது நிமிடம். எட்டும் மெல்லிய குரல். எட்டும் என் சரக்கு. அது அவர்களுக்குத் தெரியாது. எட்டுக்கு எதிராகப் பாடகியின் கேசட் ஒன்று. அவருடையது பழசாகித் தொய்ந்திருக்கும், அதனால்தான் மெதுவாக ஓடுகிறது என்று ஒருவர் எழுதினார். எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். 21ஆம் தேதி இதழில் அப்படியே போடுவது என்று பேச்சு. நர்ஸ் மட்டும் கேட்டார்: "டேப் மாமா, உங்களுக்குத்தான் அனுபவம். பழைய டேப் தொய்யுமா?"

நூற்றெண்பது பேர் காத்திருக்கிறார்கள்.

"பழைய டேப் தொய்வது உண்டு" என்று எழுதினேன்.

பொய் இல்லைதான். தொய்வது உண்டு. பழுதான சரக்கை விற்கிறவன் ஒரு பொய்கூடச் சொல்லாமல் விற்பான். அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். இன்று அதைத்தான் செய்தேன். உடனே பத்துப் பேர் நன்றி மாமா, நன்றி மாமா என்றார்கள். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மார்ச் 19

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தச் சீட்டுல என் கையெழுத்தும் இருக்குல்ல?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீ பேர்தானே எழுதின."

"பாடினவங்க பேர எழுதலையே. பாட்டு பேர மட்டும் எழுதினா போதும், இடம் இல்லன்னு சொன்னீங்க. நானும் சரின்னுட்டேன்." அடுத்த துணியை எடுத்தபடி சொன்னாள்: "ரெண்டு வாரமா எவ்ளோ சந்தோஷமா இருந்தேன், முத்தான கையெழுத்துன்னு."

மார்ச் 20

நர்ஸைக் கூப்பிட்டேன். பணியில் இருந்தார், பின்னால் யாரோ இருமுகிற சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி அடித்தது, ஸ்க்ரூ, நேற்று முன்தினம் எழுதியது.

"இத நீங்களே எழுதிக் குடுங்க. முதல் பக்கத்துல போடறேன். நான் ஒரு எழுத்தக்கூடத் தொடமாட்டேன்."

எழுதிவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். பேனாவைக் கேட்டாள். 'அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான்' என்பதை அடித்தாள். 'வறுமை காரணமாக' என்பதை அடித்தாள்.

"வறுமைதானே?" என்றேன்.

"வறுமைக்குக் காப்பி அடிச்சீங்க. ஸ்க்ரூவ எதுக்குத் திருப்பினீங்க?"

ஒன்றரைப் பக்கம் எழுதினது முக்கால் பக்கமானது. கீழே என் பெயரையும் கடைப் பெயரையும் போட்டேன்.

மார்ச் 22

நேற்று இதழ் வந்தது. அப்புறம் மழைதான். திருடன் என்றார்கள், சரி. இரண்டு பேர் பரவாயில்லை மாமா என்றார்கள். அது திருடனை விடக் கஷ்டமாக இருந்தது. லாரி ஓட்டுகிற ஒருவர் எழுதியதைத்தான் மறக்க முடியவில்லை. "பதினஞ்சு வருஷமா இந்தப் பாட்டு தொணைக்கு இருக்குன்னுதான் வண்டி ஓட்டறேன். நான் யார் குரலக் கேட்டேன் மாமா?"

பாடகியின் குரல்தான். ஆனால் அவர் அப்படிப் பாடவில்லை.

மெக்கானிக் என் கேசட்டைக் கம்ப்யூட்டரில் வைத்து வேகத்தைக் குறைத்திருக்கிறான். பாடகியின் கேசட்டோடு அச்சாகப் பொருந்திவிட்டதாம். அதையும் போட்டான்.

சாயங்காலம் நர்ஸ்: "டேப் மாமாவைக் குழுவிலிருந்து எடுக்கிறேன். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுக்காக இல்ல. பதினெட்டாம் தேதி நான் கேட்டப்ப சொன்ன பதிலுக்காக."

அதற்குப் பிறகு என் போனில் எதுவும் வரவில்லை.

மார்ச் 27

புது எண். வாடிக்கையாளர் என்று நினைத்து எடுத்தேன்.

"நீங்கதான் அந்த டேப் மாமாவா?"

கனத்த குரல். எழுந்து நின்றுவிட்டேன். "ஆமாம்மா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எவ்ளோ திருப்பினீங்க அந்த ஸ்க்ரூவ?"

"கால் சுத்துகூட இருக்காதும்மா."

"கால் சுத்து." அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. "நான் பசங்களுக்கு ஸ்டியரிங் சொல்லித் தரேன். கால் சுத்து தப்பாத் திருப்பினா வண்டி பள்ளத்துல கெடக்கும்."

"அம்மா, நான் செஞ்சது —"

"வேணாம். மன்னிப்பு கேக்காதீங்க. கேட்டா நான் பரவால்லன்னு சொல்லணும். பரவால்லன்னு சொல்ற மாதிரி விஷயம் இல்ல இது."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நீங்க எழுதினத பேப்பர்ல அடிச்சு எனக்கு அனுப்புங்க. எங்க வீட்டுக்காரருக்கு போன்ல படிக்க வராது. கல்யாணமான புதுசுல அவரும் கேட்டாரு, நெஜமா அது நீ பாடினதுதானான்னு. ஒரே ஒரு தடவதான் கேட்டாரு. அப்புறம் கேட்டதே இல்ல. நம்பினதால கேக்கலையா, என் மனசு நோகும்னு கேக்கலையான்னு எனக்குத் தெரியாது."

முகவரியைச் சொன்னார். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மார்ச் 28

ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துக்கொண்டே பிரதி எடுத்தார். "கதையா சார்? நல்லா இருக்கு" என்றார். இல்லை என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். கவரில் போட்டு நானே தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் 3

மெக்கானிக் தனியாக நீல அட்டையை அனுப்பியிருந்தான், சரியான வேகத்தில். ஒரு வார்த்தை இல்லை, வெறும் பாட்டு. கடையை மூடிவிட்டு ஷட்டருக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டேன்.

இந்த நோட்டிலாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பிடிக்கவில்லை. பழகின காது பழைய குரலைத்தான் தேடுகிறது. நான் கெடுத்ததுதான் எனக்கு இனிக்கிறது. இதை விடக் கேவலம் உண்டா?

மூன்றாவது தடவை கேட்கும்போது ஒன்றைக் கவனித்தேன். வரிக்கு வரி அவர் நிதானமாக மூச்சு எடுக்கிறார். எதற்கும் அவசரமே இல்லாத ஒருத்தர் மாதிரி. என் கேசட்டில் அந்த மூச்சு ஒரு சொடக்கு மாதிரி ஓடிவிடும். அது மூச்சு என்றே இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 5

மனைவி குழுவில் சேர்ந்திருக்கிறாள். அந்தக் கையெழுத்து தன்னுடையதுதான், பாடினவர் பெயரை எழுதாமல் விட்டது தன் தப்பு என்று எழுதிப் போட்டாளாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

ஏப்ரல் 11

காலையில் கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் மனைவியின் போனில் ஒரு பெண் தொண்டையைச் செருமுகிற சத்தம். "எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, அதான்" என்றது குரல். பிறகு நீல அட்டையின் முதல் பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லை. கனத்த குரல், அங்கங்கே கரகரப்பு. நடுவில் ஓர் இடத்தில் தடுக்கி நின்று, சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

குழுவில் இருப்பவர்களுக்கு அவர் அனுப்பியது. எனக்கு அனுப்பியதல்ல.

மனைவி என்னைக் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

மின்விசிறி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அதை நிறுத்திவிட்டு, பொத்தான் போடாத சட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றேன்.